பதினைந்து இஞ்சு அடி

காலை ஏழரை மணிக்கு அளவு டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய செங்கல்வராயனை அவன் பெண்சாதி சரசா வாசற்படியிலேயே மறித்தாள். அவள் கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"டப்பா வைக்கலாம்னு பொண்ணு பையத் தொறந்தேன், அடியில கெடந்துச்சு. படி. எழுத்துதான் கத்துக்கினியே."

முப்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவன் அவன். நின்று நின்றுதான் வரும். மகள் நிஷாவின் கணக்குப் பரீட்சைத் தாள் அது. இருபத்தைந்துக்கு நாலு. ஓரத்தில் சிவப்பு மையில் மிஸ் எழுதியிருந்தார்: திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுதேர்வு. பன்னிரண்டு மதிப்பெண் வராவிட்டால் மறுபடியும் ஐந்தாம் வகுப்புதான்.

"இன்னிக்குத்தான திங்கக்கெழம?" என்றான்.

"வேற என்னிக்கு?"

நிஷா குளித்த தலையோடு சுவரை ஒட்டி நின்றாள். அவன் விடைகளைப் பார்த்தான். அரையும் காலும் கூட்டினால்? 6 என்று எழுதி, மேலே சிவப்புச் சுழி. முக்காலில் கால் போனால்? 4. அரையும் மூன்றில் ஒன்றும்? 'ஆறே முக்கால், கொஞ்சம் கம்மி.'

செங்கல்வராயன் தாளை மறுபடி மேலிருந்து பார்த்தான். இந்த விடைகளெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தவை.

டைல்ஸ் வேலையில் ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். கால் இஞ்சு ரெண்டு நூல், அரை இஞ்சு நாலு, முக்கால் ஆறு. "ஆறு நூல் வுட்டு வெட்டு" என்று மேஸ்திரி கத்தினால் எட்டில் ஆறு என்று யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். எட்டு என்பது வாயில் வராத எண். போன மாதம் மகள் பின்னக் கணக்கு புரியாமல் முழித்தபோது, "இவ்ளோதானா" என்று டேப்பை இழுத்து இதைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"ஏன்டி மறைச்ச?"

"மிஸ், யாரு இப்டிச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. நானேதான்னு சொல்ட்டேன். தாளு காட்டுனா நீ சொன்னது தப்புன்னு உனக்குத் தெரிஞ்சுடும்ல நைனா."

சரசா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் நல்லாத்தான் கூட்டு வெச்சீங்க. நீ இனிமே வாயே தொறக்காத. வாத்தியாரு வேல பாத்தது போதும்!"

கைபேசி அடித்தது. மேஸ்திரி கோவிந்தராஜ். அயப்பாக்கம் ஃபிளாட்டில் கலவை போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார். செங்கல்வராயன் அதை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"வா. மூணுல ஒண்ணு எங்க கீதுன்னு பாப்போம்."

டேப்பில் ஒரு இஞ்சை உற்று உற்றுப் பார்த்தான். இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் எங்கோ நழுவியது. எட்டை மூன்றாகப் பிரிக்க எந்தக் கோடும் இல்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தான். மணி எட்டரை.

"கண்ண தொடச்சிக்கினு பாருடி! அழுதா வந்துடுமா?" கத்திவிட்டான். கத்தியது யாரைப் பார்த்து என்று அவனுக்கே தெரிந்தது. நிஷா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டேப் அவன் கைக்குத் தெரியாமல் ஓடி, பன்னிரண்டாவது இஞ்சின் சிவப்பு அடையாளத்தில் நின்றது. ஒரு அடி.

"தே, இங்க பாரு. ஒரு அடி டைல்ஸ மூணா வெட்டுனா ஒண்ணு எத்தினி இஞ்சு?"

"நாலு." புதைத்த முகத்திலிருந்தே குரல் வந்தது.

"பாதியா வெட்டுனா?"

"ஆறு." முகம் நிமிர்ந்தது. "ரெண்டயும் சேத்தா பத்து. பத்துன்னு எழுதவா?"

"அங்கதான் நான் உன்னக் கவுத்துட்டேன். எத்தினியாப் பிரிச்சன்னு கீழ எழுதணும். சைட்ல எல்லாருக்கும் தெரியும், அதனால சொல்ல மாட்டோம். உன் மிஸ் சைட்டுக்கு வந்ததில்லல்ல?"

நிஷா பத்து எழுதி, கோடு கிழித்து, கீழே பன்னிரண்டு எழுதினாள். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். அடுத்தடுத்து ஏழு கணக்கு போட்டார்கள். சரசா இருவர் பக்கத்திலும் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தினார்கள். கள்ளிக்குப்பம் சாலை வெயிலில் அவன் வெளியே நின்றான். மறுதேர்வுக்கு வந்த பையன் விஷால் முதலில் எழுதி முடித்து வந்தான்.

"எப்டி கண்ணு இருந்துச்சு?"

"கஷ்டம் அங்கிள். பெரிய மார்க்குக்கு மூணுல ஒண்ணும் அஞ்சுல ஒண்ணும் கூட்டச் சொல்ட்டாங்க."

அஞ்சு! செங்கல்வராயன் டேப்பை இழுத்தான். எட்டு அஞ்சு பங்காகப் பிரியவில்லை. பன்னிரண்டும் பிரியவில்லை, ஒரு பங்கு ரெண்டரைக்குக் கொஞ்சம் கம்மி. மறுபடியும் அதே கொஞ்சம் கம்மி. மகள் உள்ளே அதைத்தான் எழுதிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தான். கதவருகே போனான். காவலாளி, "அண்ணாத்தே, தள்ளி நில்லு" என்றார்.

பதினொன்றே காலுக்கு நிஷா வந்தாள். பின்னாலேயே வித்யா மிஸ், திருத்திய தாளோடு. செங்கல்வராயன் மார்க்கைப் பார்க்கவில்லை. மிஸ்ஸின் முகத்தைத்தான் பார்த்தான்.

"பதினேழு. பாஸ். ஆனா இது என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

தாளின் ஓரத்தில் நிஷா நீளமாக ஒரு கோடு போட்டு, அதைக் குட்டிக் குட்டிக் கோடுகளால் பதினைந்தாக வெட்டியிருந்தாள். மூணுல ஒண்ணுக்கு அஞ்சு, அதோடு அஞ்சுல ஒண்ணுக்கு மூணு. எட்டு, கீழே பதினைந்து.

"என்ன ஸ்கேல்னு கேட்டா, பதினஞ்சு இஞ்சு அடிங்கறா. யாரு சொல்லிக் கொடுத்தது?"

செங்கல்வராயன் டேப்பைக் கையில் இறுக்கிக்கொண்டான். "போன பரிச்சையில ஆறு, நாலுன்னு எழுதுனது என்னால மிஸ். எங்க வேலைல கீழ் நம்பர் சொல்ல மாட்டோம். கொழந்த மேல தப்பில்ல. இந்த அடிய நான் எங்கயும் பாத்ததில்ல."

வித்யா மிஸ் நிஷாவைப் பார்த்தார்.

"பன்னெண்டு வரைக்கும் நைனா, மிஸ்" என்றாள் நிஷா. "பதினஞ்சு நான்."