ஆறு மணி இரண்டு நிமிடம்

மாலை ஆறரைக்கு அந்த நிதி நிறுவனத்தின் இரண்டாவது மாடியில் இருந்தவர்கள்: மேலாளர், கடன் பிரிவு ஆட்கள் நான்கு பேர், ‘ஒட்டகம்’ என்று எல்லோரும் கூப்பிடும் வசூல் பிரிவு நெட்டையன், கணக்காளர், அவருடைய தங்கை. வாசலில் இருக்கும் வருகைப்பதிவு இயந்திரத்தைக் கேட்டால் மேலாளர் மட்டும் என்று சொல்லும்.

அங்கே அப்படித்தான். ஆறு மணி ஆனதும் யாராவது ஒருவர் எல்லோருடைய அட்டைகளையும் வாங்கிக்கொண்டு போய் வரிசையாகத் தேய்த்துவிட்டு வருவார். இயந்திரத்தின் கணக்கில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஒன்பதாகும். அன்று தேய்க்கும் முறை கணக்காளருடையது. ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு ஏழு அட்டைகளையும் தேய்த்திருந்தார், தன்னுடையதையும் சேர்த்து.

கீழேயிருந்து காவலாளி போன் செய்தார். தொழிலாளர் துறையிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், நிதித்துறையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று கணக்கெடுக்கிறார், படியேறிவிட்டார்.

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. “எல்லாரும் ஃபைல் ரூமுக்குள்ள போங்க. மூச்சு விடக்கூடாது!”

ஜன்னலே இல்லாத அறை. பழைய காகிதத் தூசி. ஒட்டகம் குனிந்து நுழைந்தான். “மூச்சு விடக்கூடாதாம். அதுக்கும் சம்பளத்துல பிடிப்பாங்களோ?”

தங்கை கணக்காளரின் சட்டையைப் பிடித்தாள். “அண்ணா, என் பை. மருந்து அதுலதான் இருக்கு.”

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அவர் மேசைக்கு ஓடிப் பையை எடுத்துத் திரும்புவதற்குள் மேலாளர் அந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டிருந்தார். அந்த அம்மா உள்ளே வந்துவிட்டார். வந்தவர், இருந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, ஃபைல் ரூம் கதவுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பட்டியலைக் கேட்டார்.

அந்த அம்மாவின் விரல் பட்டியலில் இறங்கியது. நிமிர்ந்து கணக்காளரைப் பார்த்தார்.

“நீங்க ஆறு ரெண்டுக்கே போயிட்டதா இருக்கே, சார்?”

கணக்காளர் கையிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினார். “பையை மறந்துட்டேன், மேடம். எடுக்க வந்தேன்.”

“லேடீஸ் பையா இருக்கு?”

“தங்கச்சியோடது. இங்கதான் வேலை பார்க்கிறா. அவளும்... போயிட்டா.”

அந்த அம்மா சிரித்தார். “கொடுத்து வச்சவங்க. மாநிலத்துலேயே பணம் புழங்குற இடத்துலதான் வேலை நேரம் கம்மி. போன வருஷ சராசரி முப்பத்தெட்டரை. நானும் உங்க பக்கமே வந்திருக்கலாம்.”

கதவுக்குப் பின்னால் ஒரு இருமல்.

“என்ன சத்தம்?”

“எலி, மேடம். பழைய காகிதம் இல்லையா,” என்றார் மேலாளர்.

மறுபடியும் இருமல். பாதியிலேயே அறுந்தது, யாரோ வாயைப் பொத்தியதுபோல. கணக்காளருக்கு அவள் மூச்சு மனப்பாடம். இருமும்வரை பயமில்லை. இருமல் நின்றால்தான் பயம். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றுமில்லை.

“மேடம்...”

“சொல்லுங்க.”

ஒரு வார்த்தை போதும். போன மாதம் இதே கணக்கெடுப்புக்காக வந்த படிவத்தில் வாரத்துக்கு அறுபத்தேழு மணி என்று எழுதியவன் அடுத்த திங்கட்கிழமை வேலையில் இல்லை. வீட்டில் அம்மாவின் வைத்தியம் இவர்கள் இரண்டு பேர் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர், ஐந்து குடும்பம்.

“நேரமாச்சு. வரேன், மேடம்.”

மேலாளர் தோளில் கைபோட்டு வாசல்வரை கூட்டிவந்தார். கணக்காளர் பையை அவர் கையில் திணித்தார். “சார், அவளுக்கு இழுப்பு. மருந்து இதுலதான். எப்படியாவது கொடுத்துடுங்க.”

“அந்தம்மா கதவை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எப்படிய்யா கொடுப்பேன்? பத்து நிமிஷம்.”

“பத்து நிமிஷம் தாங்கமாட்டா, சார்.”

மேலாளர் அந்த அம்மாவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். “இதுக்குத்தானே வந்தீங்க? எடுத்துட்டுப் போங்க!” பை திரும்பிக் கணக்காளர் நெஞ்சில் வந்து மோதியது. கால் தானாக வாசற்படியைத் தாண்டியது.

பின்னால் வாசல் கதவு சாத்தப்பட்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.