எட்டு வளையங்கள்

கீழ்வீட்டு யாக்கூப் லிஃப்டில் பார்த்தபோது, "உங்க வீட்டுச் சத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கு லா," என்று சொல்லிவிட்டுப் போனார். இயேசுதாசன் அதை அப்படியே வந்து மனைவியிடம் ஒப்பித்தார். அற்புதமேரி தமிழ்த் திருப்பலியில் பாடுபவள். ஞாயிறு மாலைகளில், சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் இருந்த அந்த அடுக்குமாடி வீட்டில்தான் பயிற்சி. அன்றோடு பயிற்சி நின்றது. கணவனோடு பேச்சும் பாதி நின்றது.

இயேசுதாசன் பொறியாளர். கதிர்வீச்சில் சாதாரண சிப்புகள் கெட்டுப்போகும் இடங்களுக்காக, அவருடைய நிறுவனம் காந்த வளையங்களை வைத்து ஒரு கருவி செய்துகொண்டிருந்தது. மோதிரத்தைவிடச் சிறிய எட்டு வளையங்கள். ஒவ்வொன்றிலும் கம்பிச் சுற்று ஒவ்வொரு அளவு. மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் லேசாக இருந்தால், அதிகச் சுற்றுள்ள வளையம் மட்டும் காந்தத் திசை மாறும். கூடக் கூட மற்றவையும் மாறும். மாறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. ஏறி இறங்கும் குரல் இப்படி ஓர் எண்ணாகிவிடும்.

மேலாளரிடம் கேட்டு மாதிரிக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அளந்துடுவோம் மேரி. எண்ணைப் பாத்து யாரும் கோவிச்சுக்க முடியாது."

"நான் கோவிச்சுக்குவேன்."

ஆனாலும் பாடினாள். நான்கு விளக்குகள் எரிந்தன. அந்த நேரம் பார்த்து நாகர்கோவிலிலிருந்து இயேசுதாசனின் தம்பி போனில் அழைத்தான்.

"ஹலோ! ஆங், கேக்குது! சொல்லுடே!"

எட்டும் எரிந்தன. அற்புதமேரி விளக்குகளைப் பார்த்தாள்.

இயேசுதாசன் வளையங்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, தம்பியிடம் "மாமாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். எட்டு. மறுபடி திருப்பிவிட்டு, மைக்கைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பேசினார். எட்டு.

"கருவியில ஏதோ கோளாறு."

"நான் பாடிப் பாக்கவா?" என்று அவளும் வளையங்களைத் திருப்பிவிட்டு, கூடத்தில் நின்று பாடினாள். இரண்டு.

இயேசுதாசன் படியிறங்கிப் போய் யாக்கூப் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பாய், பாட்டுதானே தொந்தரவு?"

"பாட்டா? பாட்டுன்னா எங்க வீட்டுல ஜன்னலத் தொறந்து வைப்பாங்க. போன்ல யாரோ சண்டை போடுறாங்களே, சொத்துத் தகராறா?"

"இல்ல. தம்பிகூடப் பேசுறேன்."

"மன்னிச்சு விட்டுடுங்க. கூடப் பொறந்தவங்கதானே."

காது சிவக்க மேலே வந்து, நடந்ததை மனைவியிடம் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆறு விளக்குகள் எரிந்தன. "மன்னிச்சுக்க மேரி," என்றபோதும் ஆறுதான். அவள் அதற்குச் சிரித்துவிட்டாள்.

மறு ஞாயிறு மாலை அவள் பாட ஆரம்பித்ததும், அவர் போனை எடுத்துக்கொண்டு, புளோக்கின் கீழே எல்லாரும் உட்காரும் திறந்த தளத்துக்குப் போனார். அங்கே சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த சீனப் பெரியவர்கள், அவர் "ஹலோ" என்றதும், பலகையைக் காய்களோடு தூக்கிக்கொண்டு கடைசி மேசைக்கு மாறினார்கள்.