இறங்கி வரட்டும்

தொலைக்காட்சி விவாதத்தில் ஜெயிக்கப் பெரிய அறிவொன்றும் வேண்டாம். எதிராளி எங்கே மூச்சு விடுவான் என்று தெரிந்தால் போதும். கோட்டூர்புரம் ஜோதிலட்சுமிக்கு அது நன்றாகத் தெரியும். ஆற்றோரக் குடிசைகளின் குழாயடியில் பழகிய வாய் அது. கட்சி அந்த வாயைக் கண்டுபிடித்து, செய்தித் தொடர்பாளர் என்று பெயர் வைத்து, சம்பளமில்லாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தது.

அன்று தி.நகர் ஸ்டுடியோவில் தலைப்பு, மலை விவசாயிகளுக்கு அரசு அறிவித்திருந்த லாரி வாடகை மானியம். ஆளுங்கட்சி கொடுப்பதால் அவள் கட்சி எதிர்த்தது. போன தேர்தலில் இதே மானியத்தைக் கேட்டதும் அவள் கட்சிதான். அதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டால் அரசியல் பண்ண முடியுமா?

முகத்துக்குப் பவுடர் பூசும்போது கட்சி அலுவலகத்திலிருந்து ராம்குமார் கூப்பிட்டான். யார் எந்த விவாதத்துக்குப் போவது, போய் என்ன பேசுவது என்பதெல்லாம் அவன் கையில் இருந்தது.

"அக்கா, லைன் அனுப்பிக்கீறேன் பாத்தியா? 'மலையில கட்டுப்படி ஆவலன்னா இறங்கி வரட்டும்.' அத மட்டும் சொல்லிடு. கட் பண்ணிப் போட்டா பிச்சிக்கினு போவும். தலைவர் பாக்குறாரு."

"வார்டு?"

"இன்னிக்கு நீ சொல்லு. நாளிக்கு லிஸ்ட்ல உன் பேரு."

கோட்டூர்புரம் வார்டு. காரில் கொடி கட்டிக்கொண்டு போக அவள் அதற்கு ஆசைப்படவில்லை. ஆற்றோரத்தில் பாதிக் குடிசைகளை ஏற்கெனவே இடித்து, சனங்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டாகிவிட்டது. மிச்சமும் போகப்போகிறது என்று பேச்சு. மிச்சத்தில் ஒரு குடிசையில்தான் அவள் அம்மா சுப்பம்மா இட்லி சுட்டு விற்கிறாள். கவுன்சிலர் ஆனால் தடுத்துவிடலாம் என்று ஜோதிலட்சுமி மனசார நம்பினாள்.

விவாதம் தொடங்கியது. ஆளுங்கட்சிக்காரரை அவள் வாயைத் திறக்கவிடவில்லை. அப்போது நெறியாளர் சித்தார்த்தன், கொடைக்கானல் மேல்மலையிலிருந்து சூடாமணி என்ற விவசாயியைத் தொலைபேசியில் அழைத்தார். இப்படி வருகிறவர்களுக்கு எந்த விவாதத்திலும் ஒரே வேலைதான். வணக்கம் சொல்லி, கஷ்டத்தைச் சொல்லி, பாதியில் வெட்டுப்பட வேண்டும்.

"வணக்கம்ங்க. கேரட்டு, பூண்டு போடுறோம். காட்டுலருந்து ரோட்டுக்கு மூட்டை வரக் குதிரைக்கூலி. அங்கருந்து சந்தைக்கு லாரி வாடகை. வித்த காசு அதுக்கே போயிருதுங்க."

ஜோதிலட்சுமி சட்டென்று புகுந்தாள். "கட்டுப்படி ஆகவில்லை என்றால் இறங்கி வாருங்களம்மா. நகரத்து மக்களின் வரிப்பணம் ஏன் மலை ஏற வேண்டும்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். இந்த இடத்தில் இணைப்பு வெட்டுப்பட்டிருக்க வேண்டும். என்னவோ, வெட்டுப்படவில்லை.

"சரிங்கம்மா, இறங்கி வர்றோம்," என்றாள் சூடாமணி. குரலில் கோபமே இல்லை. "எங்க வரட்டும்? எடம் சொல்லுங்க."

இந்தக் கேள்வி ஜோதிலட்சுமிக்குப் புதிதல்ல. குடிசைக்காரர்களை ஏற்ற லாரி வந்த நாளில் அவள் அக்கா அன்புச்செல்வி, சட்டிபானையோடு நின்று அதிகாரியிடம் இதையேதான் கேட்டாள். "வெள்ளம் வர்ற எடத்துல ஏன் குடியிருக்கீங்க?" என்றார் அவர். "வேற எங்க சார் போவட்டும்? நீயே எடம் சொல்லு." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த ஆள் நாசமாய்ப் போக என்று அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றியவள் ஜோதிலட்சுமி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவளுக்கு வந்துபோனதே மறந்துபோயிருந்தது.

"எனக்குத் தெர்லமா," என்றாள். விவாதத் தமிழ் எங்கோ போய்விட்டது. "இங்கயும் எடம் கெடையாது. இங்க கீறவங்களயே தூக்கிக்கினு போறாங்க. நீ அங்கயே இரு. வாடகைய கவர்மெண்டு குடுக்கட்டும். நான் சொன்னது தப்பு."

"இதுதான் உங்கள் கட்சியின் நிலைப்பாடா?" என்று சித்தார்த்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கட்சி எதிர்க்குது சார். இத நான் சொல்றேன்."

விளம்பர இடைவேளை விட்டார்கள். ராம்குமார் உடனே கூப்பிட்டான்.

"இன்னாக்கா இப்டி பண்ட்டே? வார்ட வேற ஆளுக்குக் குட்த்துட்டாங்க."

ஸ்டுடியோ படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். சொன்னதற்காக அழவில்லை. இனி அந்தக் குடிசைகளை எதை வைத்துக் காப்பாற்றுவது என்றுதான் அழுதாள். பிறகு முகத்துப் பவுடரை முந்தானையால் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆற்றோரத்தில் இட்லிக்கடையைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். எல்லாரும் போனில் பார்த்திருந்தார்கள். வார்டோடு போனது தங்கள் வீடுகளும்தான் என்று அவர்களுக்கும் தெரியும்.

"சீட்டு போச்சும்மா," என்றாள் ஜோதிலட்சுமி.

சுப்பம்மா ஆவி பறக்கத் தட்டில் இட்லியை எடுத்து வைத்தாள். "சீட்ட வுடு. லாரி வந்தா நீ எங்க நிப்பே?"

"முன்னால."

"அப்ப துன்னு," என்று சாம்பாரை ஊற்றினாள் சுப்பம்மா.