கழுவிய கற்கள்

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பயிற்சியாளர் ஹோசாகா தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதுவரை ஷுன்பெய் ஒழுங்காகத்தான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

நீகாட்டா நகரில் ஒரு சங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. சாணைக்கல் மாற்றுகிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி. காலையில் பாடம், மதியம் ஒரு மணிக்குச் செய்முறை, மாலையில் தேர்ச்சி அட்டை. அட்டை இல்லாதவன் இயந்திரத்தில் கல் மாட்டக் கூடாது என்பது சட்டம்.

"பாக்கத்தான் கல்லு," என்றார் ஹோசாகா, ஒரு சாணைக்கல்லை விரலில் தொங்கவிட்டு. "உள்ள பூரா ஓட்டை. ரொட்டி மாதிரி தண்ணியக் குடிக்கும். குடிச்சதைக் குளிர்ல வச்சீங்கன்னா உள்ளயே உறையும். உறைஞ்சா விரியும். வெளிய ஒண்ணும் தெரியாது. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து சுத்தி வெடிக்கும்போதுதான் தெரியும். தெரிஞ்சுக்க நீங்க இருக்க மாட்டீங்க."

ஷுன்பெய்யின் பேனா நின்றது.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி அவன் முப்பத்தெட்டுக் கற்களைக் கழுவியிருந்தான்.

அவன் இருந்த மாமனார் வீடு துக்க வீடு. அவன் மனைவி கனகோ மார்ச்சில் இறந்துபோனாள். அதனால் இந்தப் புத்தாண்டுக்கு வாசலில் வைக்கோல் கயிறு கட்டவில்லை, வாழ்த்து அட்டை அனுப்பவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. வருடக் கடைசித் துப்புரவு ஒன்றுக்குத்தான் தடை இல்லை. அவன் ஜன்னலைத் துடைத்தான். பட்டறைத் தரையைத் தேய்த்தான். கருவிகளுக்கு எண்ணெய் போட்டான். அதற்கப்புறமும் கை நிற்கவில்லை. அலமாரியில் தூசி படிந்த சாணைக்கற்கள் இருந்தன.

அவன் கையை உயர்த்தினான். "ஒருத்தர் கல்லைக் கழுவிட்டா என்ன செய்யணும்?"

"கழுவிட்டாவா?" ஹோசாகா புருவத்தைத் தூக்கினார். "பட்டறையா, குளியலறையா?"

"சோப்பு போட்டாரா?" என்றது பின்வரிசை. "முதுகு தேச்சு விட்டாரா?"

அறை முழுக்கச் சிரித்தது. சோப்பும் போட்டிருந்தான்.

தாழ்வாரத்துக்குப் போய்ப் பட்டறை எண்ணை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமா காலையில் கல்லறைக்குப் போயிருப்பார். கைப்பேசியை வண்டியிலேயே போட்டுவிடுகிறவர். அதையும் அழைத்தான். எடுக்கவில்லை.

இன்றுதான் பட்டறைக்கு வருடத்தின் முதல் வேலை நாள். அன்று புதுக் கல் மாட்டுவது மாமாவின் வழக்கம். நேற்று இரவு சோற்றுக்கு முன் சொன்னார்: "கல்லறையப் பெருக்கிட்டு வந்து, சாப்பிட்டு, புதுசு மாட்டறேன். அடுத்த வருஷம் நீ மாட்டுவ. அட்டையோட வா."

மகள் போன பிறகு மருமகன் இந்த வீட்டில் எதற்கு இருக்கிறான் என்று அவனை யாரும் கேட்டதில்லை. அட்டை அந்தக் கேள்விக்கு ஒரு பதில் மாதிரி இருந்தது. வாங்கிவிட்டால் அவன் பட்டறை ஆள்.

மறுபடி அழைத்தான். மணி மட்டும்.

உள்ளே போய் ஹோசாகாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "கழுவினது நான்தான். இன்னிக்கு அதுல ஒண்ணை மாட்டப் போறாங்க."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "எந்த ஊரு?"

"சுபாமே."

"பனியில ஒரு மணி நேரம் ஆகுமே. ஒரு மணிக்கு நீங்க இங்க இல்லேன்னா என்னால அட்டை தர முடியாது. அடுத்த வகுப்பு ஏப்ரல்ல."

"தெரியும்."

"போங்க, போங்க. கல்லுக்கு நேரா மட்டும் நிக்காதீங்க."

மேல்கோட்டை இருக்கையிலேயே விட்டுவிட்டான். அது வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

நெடுஞ்சாலையில் பனி வாரும் வண்டி ஒன்று முன்னால் போனது. அதைத் தாண்ட வழியில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அழைத்தான். கல்லைக் கழுவிய நாள் திரும்பத் திரும்ப வந்தது. தண்ணீர் கற்களுக்குள் இறங்கிக் காணாமல் போனதைப் பார்த்திருந்தான். சீக்கிரம் காய்கிறது என்று நினைத்துக்கொண்டான். பிறகு அழகாக அடுக்கினான், சூடு இல்லாத கொட்டகையில். நாலு நாள் குழாயே உறைந்து கிடந்தது.

பட்டறை முன் வண்டியை நிறுத்தியபோது பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

மாமா கல்லுக்கு நேராக நின்றிருந்தார். கையில் தோட்டக் கத்தரியின் ஒரு பாதி. பொறி பறந்துகொண்டிருந்தது. நாற்பது வருடச் சாணை அவர் காதைத் தின்றுவிட்டது, கூப்பிட்டுப் பயனில்லை. தோளைத் தொட்டால் திடுக்கிட்டு அவர் கை நழுவும். இயந்திரத்தின் பொத்தானோ கல்லுக்கு நேர் எதிரில். ஷுன்பெய் கதவருகே இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான்.

விளக்கும் அணைந்தது. கல் மட்டும் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்டு போச்சா?" என்று திரும்பியவர் அவனைப் பார்த்தார். "அதுக்குள்ள முடிச்சுட்டாங்களா?"

"மாமா, இந்தப் பக்கம் வாங்க."

"கோட்டு எங்க?"

"வாங்க முதல்ல."

வந்தார். கல் நிற்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிற்க நெடுநேரம் ஆனது.

"கல்லையெல்லாம் நான் கழுவிட்டேன்," என்றான் அவன். "துப்புரவு அன்னிக்கு."

மாமா கல்லைக் கழற்றினார். நட்டைத் திருகும்போது மணிக்கட்டு வலியில் பல்லைக் கடித்தார். அவன் கை நீட்டவில்லை. அட்டை இல்லை. கல்லை விரலில் தொங்கவிட்டு அவனிடம் நீட்டினார்.

"எனக்குக் காது எங்க இருக்கு. நீ தட்டிப் பாரு."

சுத்தியலின் மரப்பிடியால் தட்டினான். நல்ல கல் கிண்ணம் மாதிரி ஒலிக்கும் என்று காலையில்தான் படித்திருந்தான். இது நனைந்த பலகை மாதிரி டொப்பென்றது.

"எப்படி இருக்கு?"

"செத்திருக்கு."

"எத்தனை கழுவின?"

"எல்லாம்."

"எல்லாத்தையுமா." மாமா அலமாரியைப் பார்த்தார். "சோப்பு போட்டியோ?"

"போட்டேன்."

மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "கனகோவும் இப்படித்தான். டிசம்பர் வந்தா எதையும் விட மாட்டா. கல்லுப் பக்கம் போகாதேன்னு அவகிட்ட வருஷா வருஷம் சொல்லுவேன்." நிறுத்தினார். "உன்கிட்ட சொல்லல."

"நான் கேட்டிருக்கணும்."

"அட்டை?"

"ஏப்ரல்ல."

"சரி. ஏப்ரல்லயும் பனி இருந்தா கோட்டை எடுத்துட்டு வா."

கற்களை உடைத்துத்தான் போட வேண்டும். முழுசாக எறிந்தால் எவனாவது எடுத்து மாட்டுவான். ஷுன்பெய் கண்ணாடி மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் சுத்தியலால் உடைத்தான். ஐந்தாவது கல் ஓங்குமுன்பே இரண்டாகப் பிளந்தது. பிளந்த இடத்தில் பனிப்பொடி மின்னியது. மீதியை எண்ணாமல் உடைத்தான்.

உள்ளே வந்தபோது, புதுசுக்காகக் கழற்றி வைத்த பழைய கல்லையே மாமா மாட்டி முடித்திருந்தார். தேய்ந்த கல், ஆனால் துப்புரவன்று இயந்திரத்திலேயே இருந்ததால் நனையாதது. தட்டினான். ஒலித்தது. அவன் மெயின் சுவிட்சைப் போட்டதும் அவர் வழக்கம்போலக் கத்தரியை எடுத்துக்கொண்டு நேரே போனார்.

"மாமா. கல்லு மாத்தினா மூணு நிமிஷம் சும்மா ஓடணும்."

"நாப்பது வருஷமா..."

"பக்கவாட்டுல நில்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்து நின்றார். காலை மாற்றி மாற்றி வைத்தார். கத்தரியைக் கைக்குக் கை மாற்றினார்.

"ஆச்சா?"

ஒரு நிமிடம்தான் ஆனது என்று ஷுன்பெய் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி ஒரு விரலை உயர்த்தினான்.

"இன்னும் ரெண்டா? அதுவரைக்கும் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம்," என்றான் அவன், அவர் காதருகில், உரக்க. "நில்லுங்க."

நின்றார்கள்.