சாக்கில் வரைந்த முகம்

திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டர். எழுபத்து நாலில் வானம் பொய்த்தபோது பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்காகத்தான் பள்ளிக்கே வந்தார்கள். அந்தப் பசியில் படம் வரைய எவன் வருவான்? ஆனாலும் எனக்கு வாய் ஓயாது. கேட்க ஆள் கிடைத்தால் போதும், வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

அருப்புக்கோட்டைப் பழைய பேப்பர் கடையில் கிடைத்த பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய படம் அது. அப்போதைக்கு எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு தீவில் உட்கார்ந்து ஒரு பிரெஞ்சுக்காரன் வரைந்தது. வலது ஓரத்தில் தூங்குகிற குழந்தை, நடுவில் பழம் பறிக்கிற ஆள், இடது ஓரத்தில் சாவுக்குக் காத்திருக்கிற கிழவி. பின்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நீலமாக ஒரு சாமி. மூலையில் மூன்று கேள்வி எழுதியிருப்பான்: எங்கிருந்து வந்தோம், நாம் யார், எங்கே போகிறோம்.

"ஊரு உலகத்துல மகமாயி படம் மாட்டுவாக. இவுக துணியில்லாத ஆளுகளை மாட்டியிருக்காக" என்பாள் என் மனைவி கோகிலாம்பாள். அவளுக்கும் விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் முத்துப்பேச்சி என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். அவளும் புருஷன் சீனிச்சாமியும் பந்தல்குடிப் பக்கம் பஞ்ச நிவாரண ரோட்டு வேலையில் கல் உடைக்கிறவர்கள். அவளுடைய எட்டு மாதப் பெண் குழந்தை சந்தனம் வயிற்றோட்டம் கண்டு இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பஸ்ஸிலேயே உயிர் போனது ஊருக்கெல்லாம் தெரியும். கக்கத்தில் ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தாள்.

"ஐயா, எம்புள்ளைய வரைஞ்சு தரணும். போட்டா இல்ல."

"ஒண்ணுகூட எடுக்கலையா?"

"பொங்கலுக்கு ஸ்டுடியோ காளிராஜ் அண்ணன் சும்மாவே புடிச்சுத் தாரேன்னாரு. ஒரு வயசு ஆகாத புள்ளைய போட்டா புடிச்சா ஆயுசு கொறையும்னு மாராப்புக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டேன்."

படித்த மேதை நானும் என் பிள்ளைகளுக்கு வயது ஒன்று முடியும்வரை போட்டோ எடுத்தவனில்லை.

"நான் அந்தப் பிள்ளையப் பாத்ததே இல்லையேம்மா."

"நான் சொல்லச் சொல்ல வரைங்க. இந்தச் சாக்குலதான் மரத்தடியில படுத்துக் கெடப்பா. இதுலயே வரைஞ்சு தாங்க."

சாக்கைப் பார்த்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிரெஞ்சுக்காரனும் முரட்டுச் சாக்குத் துணியில்தான் வரைந்தான். துக்கத்தோடு வந்தவளை இழுத்துக்கொண்டுபோய் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினேன். இன்று நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவள் இடது ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். "நெழலே இல்லியேய்யா."

"நிழல் போட மாட்டான். வர்ணத்தைத் தட்டையாப் பூசி, சுத்திக் கோடு இழுத்து விட்டுருவான்."

"எங்க ரோட்டு வேலையிலயும் அப்பிடித்தான், கல்லு ஒடைக்கிற எடத்துல நெழலு கெடையாது." விரலை வலது ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். "மொதல்ல கெழவி, கடைசியில புள்ளையா?"

"இல்லம்மா, இத வலப்பக்கமிருந்து பாக்கணும். புள்ளையில ஆரம்பிச்சு கெழவியில முடியும்."

அவள் குழந்தையைப் பார்த்தாள். அங்கிருந்து விரலை மெல்ல நகர்த்தினாள். பழம் பறிக்கிறவனுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாள்.

"எம்புள்ள இந்தப் பழத்துக்கிட்டகூட வரலியேய்யா."

பத்து வருஷமாக அந்தப் படத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசிய நான், அவள் கக்கத்திலிருந்த சாக்கை வாங்கிக்கொண்டேன். வரைந்து தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சாக்கில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணாம்பும் பூசிக் காயவைத்தேன். மறு சனிக்கிழமை அவளை எதிரே உட்காரவைத்துக் கரியால் வரையத் தொடங்கினேன். முகம் சரியாக அமைந்ததும் வர்ணம் பூசலாம் என்று எண்ணம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். மூக்கு சப்பை. இடது புருவத்தில் முடி கம்மி. சிரித்தால் கீழுதடு ஒரு பக்கமாக இழுக்கும்.

வரைந்து காட்டியதும் பார்த்த மாத்திரத்தில் சொன்னாள்: "இது எம்புள்ள இல்ல."

ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தேன். அதுவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை மூன்றாவது முகம். "கண்ணு கொஞ்சம் வருது. வாய் வரல" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் ஆளைப் பார்த்தபடி வரைவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு. கோடை லீவு விட்டாலும் வாரம் தவறாமல் வரச் சொன்னேன். அவளும் ஏழு மைல் நடந்து வந்தாள்.

நாலாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். "நெத்தி அகலமா, குறுகலா?" என்று கேட்டபோது அவள் கண்ணை மூடவில்லை. நான் வரைந்து வைத்திருந்த நெற்றியை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தான் இருக்கும்" என்றாள். அப்போதே கரியைக் கீழே போட்டிருக்க வேண்டும். முகம் அமையப்போகிறது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஐந்தாவது வாரம் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. சாக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா வந்துருச்சாம்மா?"

"தெரியலய்யா."

"தெரியலைன்னா?"

"வீட்டுல கண்ண மூடுனா மொதல்லாம் அவ வருவா. கல்லு ஒடைக்கயிலகூட வருவா. இப்பக் கண்ண மூடுனா நீங்க வரைஞ்ச இந்தப் புள்ளதான் வருது." குரல் உயரவில்லை. என்மேல் குற்றம் சொல்கிற தொனிகூட அதில் இல்லை. "அவ மூஞ்சி எனக்கு மறந்து போச்சுய்யா."

நோய் கொண்டுபோனது போக அவளிடம் மிச்சமிருந்ததையும் நான் அல்லவா வாங்கிக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு எந்த வித்தையும் தெரியாது.

"அழிச்சிருங்கய்யா" என்றாள். "அழிச்சா திரும்பி வருவாளா, பாப்பம்."

ஈரத்துணியை எடுத்தேன். கண், மூக்கு, கோணலாகச் சிரிக்கிற அந்த உதடு, எல்லாவற்றையும் துடைத்தேன். சாக்கு முழுக்கச் சாம்பல் நிறமாகும்வரை துடைத்தேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. அவள் கண்ணைத் திறக்கவில்லை. "வந்தாளாம்மா?" என்று கேட்காமல், அந்தச் சாக்கை அவள் பக்கத்தில் விரித்து வைத்தேன்.