ஆறாவது சொல்

திருநீறு பூசிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அம்மன் படத்துக்கு முன்னால் நின்றபடியே ஐயாவு அந்த ஆறு இங்கிலீசுச் சொற்களையும் சொல்லி முடித்தார். ரிவர், லேடர், விண்டர், கேப்டன், வெல்வெட், அம்பரெல்லா. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் காலையில் வாய்விட்டுச் சொல்லப்படும் சொற்கள் இவை மட்டும்தான். பாதிக்கு மேல் அவருக்கு அர்த்தம் தெரியாது. கடைசிச் சொல்லுக்கு மட்டும் நன்றாகவே தெரியும். முப்பது வருஷம் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலை மலையில் கங்காணியாக நின்றவருக்குக் கறுப்புக் குடையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பென்ஷன் கிடையாது, சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த இ.பி.எஃப். காசுதான். அது மொத்தமாகக் கையில் வந்த வருஷம் மகன் கிருஷ்ணகுமார் கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்தான். பேங்கில் போடாதீங்க, பிட்காயின் வாங்குவோம் என்றான். அதற்கு ஆபீஸ் எங்கே, பெரியவர் யார் என்று கேட்டார் ஐயாவு. அப்படி யாருமே இல்லை, அதுதான் அதன் நல்ல குணம், எந்த அரசாங்கமும் அதில் கை வைக்க ஏலாது என்று மகன் சொன்னான். பொறுப்பாளி இல்லாத இடத்தில் காசு போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பெற்ற மகனை நம்ப மாட்டேன் என்று சொல்வது அதைவிடப் பிடிக்கவில்லை.

அதனால் ஒரு நிபந்தனை வைத்தார். தோட்டத்து மாரியம்மன் கோவில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரான அவரிடம், மற்றது பொருளாளரிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. இதற்கும் அப்படியே இருக்கட்டும் என்றார். மகன் சிரித்தான். சிரித்துவிட்டுச் சம்மதித்தான். அந்தக் காசின் பூட்டு பன்னிரண்டு இங்கிலீசுச் சொல். முதல் ஆறையும் போனை அப்பா பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டி அவர் மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தான். மற்ற ஆறையும் போனைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு அவன் மட்டும் படித்தான். எங்கேயும் எழுதவில்லை. பிறகு போனிலிருந்தும் அழித்தான். பன்னிரண்டும் சேர்ந்தால்தான் காசு.

அடுத்த வருஷம் பிட்காயின் தலைகுப்புற விழுந்தது. அப்போதுதான் மகன் அடிக்கடி போனில் கோல் எடுத்தான். "அப்பா, பயந்துறாதீங்க, விக்கிறேன்னு நிக்காதீங்க, ஏறும்." விற்கும் எண்ணமே ஐயாவுக்கு இல்லை. ஆனாலும் மௌனமாக இருப்பார். மௌனமாக இருந்தால் மகன் இன்னும் கொஞ்ச நேரம் பேசுவான். வேலை, வெயில், ரூமில் கூட இருக்கும் நேபாளக்காரனின் சமையல் என்று எல்லாம் வரும். அதே வருஷம்தான் ரூபாயும் விழுந்து மாவு விலை வானத்துக்குப் போனது. "பேங்க்ல போட்டிருந்தாலும் பாதியாத்தான் போயிருக்கும் பாருங்க" என்று மகன் வாதாடினான். அது பொய்யில்லை என்று ஐயாவுக்குப் பட்டது.

பிறகு அது ஏறத் தொடங்கியது. கோல் குறைந்தது. நன்றாக ஏறிய பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தது. யாருக்கும் சொல்ல முடியாத ஒரு ஆசை அவருக்குள் புகுந்தது அப்போதுதான். பெல்மதுளை டவுனுக்குப் போகும்போதெல்லாம் ஸாஜித்தின் போன் கடையில் நின்று விலை கேட்பார். ஏறியிருக்கிறது என்றால் முகம் வாடும், இறங்கியிருக்கிறது என்றால் மலரும்.

"என்னா ஐயா, ஏறினா சந்தோசப்பட வேணாமா?"

"எதுக்கு ஏறுது? அது என்னா வெளையுதா, மண்ணுல தோண்டுறாங்களா?"

"எங்க வாப்பா மாணிக்கக் கல்லு யாவாரம்தானே ஐயா. ஒரே கல்ல காலையில ஒருத்தர் கூழாங்கல்லும்பார், பின்னேரம் இன்னொருத்தர் வேன் வாங்குற காசு குடுப்பார். வாங்க ஆளிருந்தா வெல, இல்லாட்டி வெறுங்கல்லு. இதும் அப்பிடித்தான்."

"கல்லுன்னா மடியிலயாவது கெடக்கும் தம்பி."

இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை ஜெயம்மாவின் மகள் சுதர்ஷினிக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராக இரண்டு பவுன் சங்கிலி போடுவதாக அவள் காது குத்தன்றே சபையில் சொன்னவர் ஐயாவு. அந்தக் குடும்பத்தில் மாமன் வெறுங்கையோடு மணவறை ஏறியதில்லை. மைக்கில் பேர் வாசிப்பார்கள். லயத்து வீட்டு வரிசையில் குடியிருக்கும் கருப்பாயி ஏற்கனவே வாயைத் திறந்துவிட்டாள்: "பெரிய கங்காணி வீட்டுக் காசு ஆகாசத்துல தொங்குதாமே, மழ பேஞ்சா விழுமாக்கும்?" அது கூட அவரைத் தொடவில்லை. நேற்று ஜெயம்மா வந்து, "அண்ணே, ஒண்ணும் வேணாம், நீங்க வந்து நின்னா போதும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாளே, அதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. அவருக்கு முன்னால் யாரும் அப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை.

ஆகவே இந்த வியாழக்கிழமை, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவரே கோல் எடுக்கப் போனார். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேலே, பாதை வளையும் இடத்தில்தான் சிக்னல் அறுபடாமல் கிடைக்கும். நடக்கும்போதே தூறல். குடையை விரித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவைதான் மகன் எடுத்தான்.

"என்னாப்பா? ஒடம்புக்கு ஏதுமா?"

"ஒடம்புக்கு என்னா. சுதர்ஷினி கல்யாணம்."

"ஆமால்ல. லீவு தரமாட்டேன்ட்டானுங்கப்பா."

"நான் லீவக் கேக்கல. சீர் செய்யணும். அத வித்துருவோம்."

மறுமுனையில் ஒரு மூச்சு வந்தது. நிம்மதியா, சந்தோசமா என்று பிடிபடவில்லை. "நானே சொல்லணும்னு இருந்தேன்பா. இப்பதான் நல்ல வெல. சீருக்கு நாளைக்கே ஒங்க பேங்க்ல போட்டுர்றேன். மிச்சத்த மாசாமாசம் தானா வந்து விழுற மாதிரி செஞ்சிர்றேன். நீங்களும் கடைகடையா ஏறி விலை கேக்க வேணாம், நானும் ஒங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்க வேணாம். தொல்ல விட்டுச்சு. சொல்லுங்கப்பா, ஒங்க ஆறு."

ஐயாவு தொண்டையைச் செருமினார். "சாப்பிட்டியா?"

"பிரேக் முடியப்போகுதுப்பா. சொல்லுங்க, டைப் பண்றேன்."

"ரிவர்."

"ம்."

"லேடர்." கீழே மடுவத்தில் பெண்கள் சாக்கை இறக்கிவிட்டு மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். யாரோ சிங்களத்தில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "விண்டர்." மகன் விரல் தட்டும் சத்தம் கேட்பது போலிருந்தது. "கேப்டன்." அவன் இரைச்சலில்லாத ஓர் இடத்துக்கு ஒதுங்கி வந்திருக்க வேண்டும். அவன் மூச்சு காதருகில் தெளிவாகக் கேட்டது, சின்ன வயதில் முதுகில் தூங்கிக்கொண்டு வந்தபோது கேட்ட மாதிரி. "வெல்வெட்."

"வெல்வெட். ம். ஆறாவது?"

மழை வலுத்தது. மலையின் மறுபக்கம் வெள்ளையாகி மறைந்தது.

"அப்பா? கேக்குதா? ஆறாவது சொல்லுங்க. அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார் ஐயாவு. நிமிர்ந்து நின்று, போனைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டார். தலைக்கு மேலே, விரித்த கறுப்புத் துணியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.