அறுபது மதிப்பெண்

…அறுபது வேண்டும், ஐம்பத்தொன்பது வந்தாலும் ஆகாது, ஐம்பத்தொன்பதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று பல்லைக் கடித்தபடி நாச்சிமுத்து கொடைக்கானலில் அந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தைலமரத்தடியில் நின்றான், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வள்ளி, பெற்ற மகள், பத்தொன்பது வயது, டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டாம் முறையாக எழுதுகிறாள், எழுதுகிறாளா, பேனா ஏன் நிற்கிறது, எழுது கழுதை, யோசிக்க வேண்டியதை வீட்டிலேயே யோசித்திருக்க வேண்டாமா, உள்ளே போய் அந்தப் பின்னலைப் பிடித்துச் சுவரில் ஒரு மோது மோதினால் பேனா தானாக ஓடும்… மூடுபனி வந்து கண்ணாடியில் படிந்தது, கிட்டே போய்க் கம்பளி முனையால் துடைத்தான், போன வருஷமும் இப்படித்தான் காத்துக் கிடந்தான், முப்பத்தெட்டு வாங்கினாள், பூண்டுக்காரன் மகளுக்கு டாக்டர் படிப்பு கேட்கிறதாம் என்று ஊர் பூம்பாறையே சிரித்தது.

முப்பத்தெட்டு வந்த அன்று மண்வெட்டிக் காம்பால் அடித்தான், அடிக்கத்தான் செய்தான், யார் இல்லையென்றது, பூண்டுக்கு என்ன செய்கிறோம், முழங்காலுயரம் பச்சையாய் நிற்கிறதே என்று பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தால் அடியில் கிழங்கு கட்டாது, வரிசை வரிசையாக இறங்கித் தழையைக் காலால் மிதித்து மடக்கிவிட வேண்டும், அப்போதுதான் சத்து கீழே இறங்கிப் பல் பருக்கும், அவன் அப்பன் மிதித்தான், அவன் மிதிக்கிறான், மிதிபட்ட பூண்டு கோபித்துக்கொண்டா போய்விட்டது… குருநாதன் வாத்தியார் பழைய கேள்விகளை வைத்து வாரம் ஒரு பரீட்சை நடத்தினார், நாச்சிமுத்துவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும், பூண்டு புகையேறும் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்தான், நாற்பத்தொன்று, அடித்தான், நாற்பத்தேழு, அடித்தான், ஐம்பத்திரண்டு, ஏறுகிறதா இல்லையா, வாத்தியார் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “பிள்ளை வெள்ளனே எந்திரிச்சுப் படிக்குதுங்க, மார்க்கு அதுலதான் ஏறுது, அடிக்கிறத விட்டுருங்க,” என்றார், விடுவதாம், விட்டு இறங்கிப்போனால் இவரா பொறுப்பு… ஒரு நாள் வள்ளி வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இடது கையை நீட்டினாள், “இதுல அடிங்கப்பா, அது எழுதுற கை,” என்றாள், அழவில்லை, அழுதிருந்தால் நிறுத்தியிருப்பானோ என்னவோ, அழாததுதான் அவனுக்கு வெறியைக் கிளப்பியது, ஆனாலும் இடது கையில்தான் அடித்தான், அந்த நியாயம் அவனிடம் உண்டு, கையும் முதுகும் தவிர வேறெங்கும் அடித்ததில்லை, அந்த வாரம் ஐம்பத்தெட்டு வந்தது.

யாருக்காக இதெல்லாம், தனக்காகவா, செத்துப்போன அன்னக்கொடிக்காக, அவன் பெண்டாட்டிக்காக… ஏழு மாதம் அவளுக்கு, இரத்தம் நிற்கவில்லை, உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைகளின் மேல் படுக்கவைத்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள், பாதி வழியிலேயே அவள் கை சில்லிட்டுவிட்டது, ஊரில் ஒரு பெண் டாக்டர் இருந்திருந்தால் என்று பதின்மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறான், கேட்டவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள், டாக்டர் இல்லாமல் செத்தாள், அவ்வளவுதான், அன்று காலையில் நடந்தது… அன்று காலையில் ஒன்றும் நடக்கவில்லை, கஞ்சியில் உப்பில்லை, ஒரு வார்த்தை, பதிலுக்கு ஒரு வார்த்தை, எந்த வீட்டில்தான் இல்லை, அதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும், வள்ளிக்கு அப்போது ஆறு வயது, மூலையில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

உள்ளே மேற்பார்வை பார்க்கும் நரைத்த மனிதர் வள்ளியின் பக்கமாக வந்தார், அவளைத் தாண்டிப் பின்னால் யாருக்கோ சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவதற்காகக் கையைச் சட்டென்று உயர்த்தினார், வள்ளியின் பேனா கீழே விழுந்தது, அடிபட்டுப் பழகிய பிள்ளை கையைத்தான் இழுத்துக்கொள்ளும், முதுகைத்தான் வளைக்கும், நாச்சிமுத்துவுக்குத் தெரியாததா, ஆனால் அவள் இரண்டு கைகளாலும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டாள், ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, தாடை மார்பில் படக் குனிந்து… இது எங்கிருந்து வந்தது, வயிற்றில் அவன் அடித்ததே இல்லையே, அப்படிக் குனிந்த ஒருத்தியைத்தான் அவன் பார்த்திருக்கிறான், ஒரே ஒரு காலையில், அவன் காலைத் தூக்கியபோது. நரைத்த மனிதர் பதறி விலகி ஏதோ சொன்னார், அவள் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி எழுதத் தொடங்கினாள், அதற்குப் பிறகு பேனா நிற்கவேயில்லை.

மணி அடித்தது, வள்ளி படியிறங்கி வந்தாள், எப்போதும் நிற்கிற தூரத்தில், கை எட்டாத தூரத்தில் நின்று, “அறுபதுக்கு மேல வரும்பா,” என்றாள், அவன் எதிர்பார்த்ததுபோல் சந்தோஷம் வரவில்லை, அன்னிக்கு நீ முழிச்சிருந்தியா என்று கேட்க வாயெடுத்தான், பஸ்ஸுக்கு நேரமாச்சு, வெரசா நட என்றுதான் சொன்னான், அவள் முன்னால் நடந்தாள், இவன் பின்னால் போனான், அறுபது வந்தால் அவள் டாக்டராவாள், ஏழு மாத வயிற்றில் உதைபட்டால் உள்ளே என்ன ஆகும், எத்தனை நாழிகையில் உயிர் போகும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்களா, போடாமலா இருப்பார்கள், ஐம்பத்தொன்பதிலேயே நின்றுவிட்டால்தான் என்ன…